வெங்காயம் வித்த காசுல எழுத்தாளர் ஆகாதீங்க

போன ஞாயித்துக்கிழமை சாயந்திரம் மோட்டாரை நிறுத்திட்டு வந்து திண்ணையில உக்காந்திருந்தேன். எதிர்த்தெரு பங்காளி மகன் வந்தான். காலேஜ் முடிச்சு ரெண்டு வருசம் ஆச்சு, இன்னும் வேலை அமையல. நல்லா எழுதுவான். "பெரியப்பா, என் கவிதையெல்லாம் புத்தகமா வரப்போகுது"ன்னு செல்லை நீட்டினான். சந்தோசமாத்தான் வாங்கிப் பார்த்தேன். பார்த்தா விலைப்பட்டியல். வெள்ளித் திட்டம், தங்கத் திட்டம், வைரத் திட்டம். வைரத்துல சேர்ந்தா 45,000 ரூபாய். புத்தகம், வெளியீட்டு விழா, சால்வை, கேடயம், எழுத்தாளர் அறிமுக வீடியோ எல்லாம் அதுல அடக்கமாம். "காசுக்கு என்னடா பண்ணுவ?"ன்னு கேட்டேன். "மக்காச்சோளம் வித்தது அப்பா கிட்ட இருக்கு, கேட்டிருக்கேன்"னான்.

எனக்கு வந்துச்சே கோவம். தெருவே திரும்பிப் பார்க்குற மாதிரி சத்தம் போட்டுட்டேன். பையன் முகம் சுண்டிப்போய் எழுந்து போயிட்டான். ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரல. அவன்மேல கோவப்பட்டது தப்புதான். கோவம் அவன்மேல இல்ல. அவன் கிட்ட சொல்ல வேண்டியதை நிதானமா இங்கே எழுதுறேன். நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் அவனை மாதிரி இன்னும் எத்தனையோ பேர் நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. அவங்களும் படிக்கட்டும்.

நான் சொல்லக் காரணம் இருக்கு. நான் பட்டவன். நாலு வருசம் முன்னாடி சின்ன வெங்காயத்துக்கு விலை கிடைச்ச ஒரு பட்டத்துல கையில கொஞ்சம் காசு நின்னுச்சு. முப்பது வருசமா வெங்காயம் போட்டுப் பார்த்ததை, எங்க அப்பா காலத்துப் பட்டறை எப்படி இருக்கும், கோழிக்கால் நோய் வந்தா காடு எப்படிக் கிடக்கும், எங்க ஊர்ல கவலை ஏத்தம் எப்ப நின்னுச்சு, இதையெல்லாம் எழுதி வெச்சிருந்தேன். ஒரு பதிப்பகம்னு சொல்லிக்கிட்டவங்க பேசினாங்க. 38,000 ரூபாய் வாங்கினாங்க. 112 பக்கம், 200 புத்தகம் குடுத்தாங்க. அட்டையில போட்ட விலை 150 ரூபாய்.

இப்போ கணக்குப் போடுங்க. 38,000-ஐ 200-ஆல வகுத்தா ஒரு புத்தகம் எனக்கு 190 ரூபாய் அடக்கம். அதை 150-க்கு விக்கணும். இருநூறையும் ஒண்ணு விடாம முழு விலைக்கு வித்தாலும் 30,000. அதாவது எல்லாம் வித்துத் தீர்ந்தாலே எனக்கு 8,000 ரூபாய் நட்டம். நான் ஹைஸ்கூல் படிச்சவன். உரக்கடைச் சிட்டையில பத்து ரூபாய் கூட இருந்தா கண்டுபிடிச்சிடுவேன். இதைக் கண்டுபிடிக்கல. புத்தகம்னதும் புத்தி மழுங்கிப் போச்சு. பின்னாடி ஒரு அச்சகத்துல அதே புத்தகத்தைக் காட்டி விசாரிச்சேன். இருநூறு போட்டா ஒண்ணு எண்பது ரூபாய்க்குள்ள முடியும்னார். அப்படின்னா 16,000. மிச்சம் 22,000 எதுக்குப் போச்சு?

ரசீதைப் பார்த்தா பிழை திருத்தம் 6,000 ரூபாய். அவங்க திருத்தினது என்னன்னா, நான் எழுதின "பட்டறை"யை எல்லா இடத்துலயும் "கிடங்கு"ன்னு மாத்திட்டாங்க. காத்துப் போறதுக்கு அடியில இடம் விட்டு, சுத்தி தட்டி கட்டி, மேல கூரை போட்டு வெங்காயம் வைக்கிறதுக்குப் பேரு பட்டறை. கிடங்குன்னா கவர்மெண்ட் குடோன் ஞாபகம்தான் வரும். எழுத்துப்பிழை அப்படியே இருக்கு, சரியான வார்த்தை போயிடுச்சு. அட்டையில இன்னும் மோசம். சின்ன வெங்காயப் புத்தகத்துக்குப் பெல்லாரி வெங்காயப் படத்தைப் போட்டிருந்தாங்க. சந்தையில ஒருத்தர் பார்த்துட்டு, "என்னய்யா, கட்சி மாறிட்டியா?"ன்னு கேட்டார். சிரிச்சு வெச்சேன்.

ரசீதுல இன்னொரு வரி, ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு 2,000 ரூபாய். இதை எல்லாரும் நல்லாத் தெரிஞ்சுக்கணும். புத்தகத்துக்குப் பின்னட்டையில கோடு கோடா போட்டு 13 இலக்கம் இருக்குமே, அந்த எண். இந்தியாவுல அதைக் குடுக்குறது மத்திய அரசு கல்வி அமைச்சகத்துக்குக் கீழ இருக்குற ராஜா ராம்மோகன் ராய் முகமை. கட்டணம் கிடையாது. பதிப்பகம்தான் கேக்கணும்னு இல்ல, எழுதினவரே தன் பேருல இணையத்துல விண்ணப்பம் போட்டு வாங்கலாம். சும்மா கிடைக்கிற எண்ணுக்கு 2,000 வாங்குறவங்க மத்ததுல எவ்வளவு வாங்குவாங்கன்னு யோசிங்க.

எந்தத் தொழில்லயும் யாரு காசு குடுக்குறாங்களோ அவங்களுக்குத்தான் வேலை நடக்கும். பதிப்பகம்னா படிக்கிறவன் காசுல பிழைக்கணும். புத்தகம் வித்தாத்தான் அவருக்குச் சோறு. அதனால நல்லதாப் பார்த்து எடுப்பார், திருத்துவார், கடைக்கு அனுப்புவார், புத்தகத் திருவிழாவுல முன்னாடி அடுக்குவார். எழுதினவருக்கு வித்ததுல நூத்துக்குப் பத்து அளவுல ராயல்டி குடுப்பார். இந்தத் திட்டக்காரங்க எழுதுறவன் காசுல பிழைக்கிறாங்க. உங்க கிட்ட பணம் வந்த அன்னைக்கே அவங்க வியாபாரம் முடிஞ்சு போச்சு. புத்தகம் வித்தா என்ன, செல்லரிச்சா என்ன? மண்டிக்காரர் கமிஷன் எடுக்குறார்னு நாம திட்டுறோம். அவராவது வெங்காயம் வித்த பின்னாடிதான் எடுக்குறார். இவங்க விதைக்கும்போதே எடுத்துட்டுப் போயிடுறாங்க.

இதுல இன்னொரு ரகம், தொகுப்பு நூல். அம்பது பேரு ஆளுக்கு ஒரு கவிதை, ஆளுக்கு ஐநூறோ எழுநூறோ கட்டணும். ஆளுக்கு ஒரு பிரதி, ஒரு சான்றிதழ். அம்பது பேரும் அவங்கவங்க பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வெப்பாங்க. மத்த நாப்பத்தொம்பதை யாரும் படிக்கிறதில்ல. விருதும் அப்படித்தான், நுழைவுக் கட்டணம் கட்டினா வீட்டுக்கே கூரியர்ல வருது. பிள்ளைங்க ஆசையில விளையாடுறதுக்கு ஒரு அளவு வேணாமா?

"அப்போ சொந்தக் காசு போட்டுப் புத்தகம் போடுறதே தப்பா?"ன்னு கேப்பீங்க. இல்லவே இல்ல. சொந்தக் காசுல போடுறது கேவலம்னு பேசுற படிச்சவங்களோட எனக்கு உடன்பாடு கிடையாது. இதுக்கு நம்ம மண்ணுலயே சாட்சி இருக்கு. உ.வே.சாமிநாதையர்னா எல்லாரும் கும்பகோணம், சென்னைன்னு நினைப்பாங்க. சொந்த ஊர் உத்தமதானபுரம். ஆனா தமிழ் படிக்க ஆரம்பிச்சது நம்ம அரியலூர்ல, சடகோபையங்கார் கிட்ட. அப்புறம் குன்னம், கார்குடின்னு அப்பாவோட ஊர் ஊரா இருந்து, பெரம்பலூர் பக்கத்துச் செங்குணத்துல விருத்தாசல ரெட்டியார் கிட்ட யாப்பு படிச்சார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கிட்டப் போனதெல்லாம் அதுக்குப் பிறகு. இப்போ செங்குணம் போற வழியில எத்தனை பேருக்கு இது தெரியும்?

அவர் சீவக சிந்தாமணியை 1887-ல அச்சுல கொண்டுவந்தார். கையில பெரிய பணம் கிடையாது, கும்பகோணம் காலேஜ்ல தமிழ் வாத்தியார் உத்தியோகம். என்ன பண்ணினார்? புத்தகம் வந்தா வாங்கிக்கிறோம்னு முன்கூட்டியே ஆளுங்க கிட்ட கையொப்பம் வாங்கினார். ஊர் ஊரா நடந்து, கடிதம் போட்டு, பேரு சேர்த்தார். காகிதம் என்ன விலை, அச்சுக்கூலி எவ்வளவு, எல்லாத்தையும் தானே பார்த்தார். அச்சடிச்ச தாளை வரி வரியா தானே திருத்தினார். சேலம் இராமசாமி முதலியார் அவர் கிட்ட சிந்தாமணி பத்திக் கேட்டது 1880-ல. புத்தகம் வர ஏழு வருசம் ஆச்சு. நடுவுல சி.வை.தாமோதரம் பிள்ளை, அவரும் பழைய நூல்களைப் பதிப்பிச்ச பெரிய மனுசர், தானே அச்சிடுறேன்னு கேட்டார். ஐயர் குடுக்கல. தன் உழைப்பு தன் கையிலதான் இருக்கணும்னு உறுதியா நின்னார். இதுதான் சொந்தமா புத்தகம் போடுறது. கணக்கு தன் கையில, உரிமை தன் கையில, வாங்குறவன் பேரு நோட்டுல. இப்போ இவங்க சுயபதிப்புன்னு விக்கிறதுல இந்த மூணுமே கிடையாது.

உரிமைன்னு சொன்னேன் இல்லையா, அதுலதான் நான் இன்னும் பெரிசா ஏமாந்தேன். ஆறு பக்கம் இங்கிலீஷ்ல ஒப்பந்தம். கையெழுத்து போட்டுட்டேன். எங்க பஞ்சாயத்துல தெரு விளக்குக்கு மனு குடுத்தாக்கூட நாலு தடவை படிச்சுத்தான் கையெழுத்து போடுவேன். பின்னாடி ஒரு வக்கீல் தம்பி படிச்சுச் சொன்னார், பத்து வருசத்துக்கு அந்தப் புத்தகத்தை நான் வேற யார் மூலமாவும் போட முடியாதாம். என் காசு, என் எழுத்து, என் காடு. உரிமை மட்டும் அவங்களுக்கு.

அவர் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். 1957-ஆம் வருசப் பதிப்புரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. எழுதின நிமிசமே உரிமை எழுதினவருக்குத்தான், எங்கேயும் பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல. உயிரோட இருக்குற வரைக்கும், அதுக்குப் பிறகு 60 வருசமும் நம்ம வாரிசுக்கு. நிலப்பட்டா மாதிரிதான். அதை வேற ஒருத்தருக்கு மாத்திக் குடுக்கணும்னா எழுத்துல குடுக்கணும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருசத்துக்குன்னு எழுதாம விட்டிருந்தா அஞ்சு வருசம்னு சட்டம் எடுத்துக்கும். எந்த நாட்டுக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்கு மட்டும். வாங்கினவர் ஒரு வருசத்துக்குள்ள அந்த உரிமையைப் பயன்படுத்தலைன்னா, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய, அது காலாவதி. அதனால ஒப்பந்தத்தைத் தமிழ்ல கேளுங்க. எத்தனை வருசம், எத்தனை பிரதி, ராயல்டி எவ்வளவு, எப்போ கணக்கு குடுப்பாங்க, மின்புத்தகம், ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு, இவ்வளவும் அதுல இருக்கணும். நிலத்தைக் குத்தகைக்கு விடுறவன் கிரயப் பத்திரத்துல கையெழுத்து போடுவானா?

அடுத்தது நூலக ஆணை. "நாங்க நூலக ஆணை வாங்கித் தர்றோம்"னு சொன்னா அங்கேயே எழுந்து வந்துடுங்க. நம்ம மாநிலத்துல 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துடுச்சு. வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுறோம் பாருங்க, அந்தக் காசுலதான் ஊர் நூலகத்துக்குப் புத்தகம் வாங்குறாங்க. வாங்குறதும் வாங்காததும் பொது நூலகத் துறை முடிவு. நாம விண்ணப்பிக்கலாம், வேற யாரும் உறுதி குடுக்க முடியாது. இன்னொரு விசயம், எந்தப் புத்தகம் போட்டாலும் ஒரு மாசத்துக்குள்ள கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூணு நூலகத்துக்கும் பதிப்பாளர் ஒவ்வொரு பிரதி அனுப்பணும்னு 1954-லேயே சட்டம். நாமளே பதிப்பாளரா இருந்தா நாமதான் அனுப்பணும். என் புத்தகத்தை அவங்க அனுப்பலைன்னு விசாரிச்சப்போ தெரிஞ்சுது. நானே தபால் செலவு பண்ணி அனுப்பினேன். நூறு வருசம் கழிச்சு ஒருத்தன் அங்கே எடுத்துப் பார்த்தா பெல்லாரி வெங்காயம்தான் இருக்கும், என்ன பண்றது.

சரி, காசு விசயம் போதும். எழுத்து விசயத்துக்கு வரேன். திட்டக்காரங்களை மட்டும் திட்டினா நியாயம் இல்ல, நம்ம மேலயும் குத்தம் இருக்கு. எழுதி முடிச்ச மறுநாளே புத்தகமா வேணும்னு அலையுறோம். அறுத்த அன்னைக்கே வெங்காயத்தைப் பட்டறையில கொட்டுவோமா? காய விடணும், தாள் அறுக்கணும், அழுகலைப் பொறுக்கணும். ஒரு அழுகல் உள்ள போனா சுத்தி இருக்குற பத்தும் போச்சு. எழுதினதை மூணு மாசம் பெட்டியில போட்டு வைங்க. அப்புறம் எடுத்துச் சத்தமாப் படிங்க, தனியா இல்ல, நாலு பேரு முன்னாடி. நான் இப்போ எழுதுறதை டீக்கடையில படிக்கிறேன். யாராவது செல்லை எடுத்துட்டா அந்த இடம் சவசவன்னு இருக்குன்னு அர்த்தம், பேனாவுல ஒரு கோடு. ஒரு தடவை எங்க ஊரு பெரியவர், "நீ சொன்ன வருசம் கிணறு வத்தல, அதுக்கு அடுத்த வருசம்தான் வத்துச்சு"ன்னார். அது எந்த எடிட்டருக்கும் தெரியாது.

பங்காளி மகன் கவிதையும் பார்த்தேன். எல்லாம் நிலா, மழைத்துளி, அவள் விழி. எந்த ஊர்ல இருந்து எழுதுறான்னு கண்டுபிடிக்க முடியாது. அவன் வீட்டு வாசல்ல நின்னு பார்த்தா சிமெண்டு ஆலை லாரி போற புழுதி தெரியுது. அவன் தாத்தா சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல வேலை பார்த்தவர். நாம நிக்கிற இந்த மண்ணு ஒரு காலத்துல கடலுக்கு அடியில கிடந்தது, உழவு ஓட்டினா சிப்பிக்கல்லு வருது. சாத்தனூர்ல கல்லாப்போன மரம் கிடக்குது. 1956 நவம்பர்ல அரியலூர் பக்கம் மருதையாத்துப் பாலத்துல ரயில் கவிழ்ந்து நூத்துக்கு மேல ஆளுங்க செத்தாங்க, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா பண்ணினார். ராஜினாமா எல்லா இடத்துலயும் எழுதியிருக்கு. அன்னைக்கு ஆத்துல இறங்கி ஆளுங்களைத் தூக்கின நம்ம ஊர்க்காரங்க என்ன பார்த்தாங்கன்னு யாரு எழுதுவா? சின்னப் பிள்ளையா இருந்து கேட்டவங்களுக்கே இப்போ எழுபது, எண்பது வயசு. ஜெயங்கொண்டம் பக்கம் நிலக்கரித் திட்டத்துக்கு நிலம் போய் வருசக்கணக்கா கோர்ட்டுக்கு நடந்த குடும்பங்கள் இருக்கு. அவங்க கிட்ட உக்காந்து கேட்டு எழுதுடா தம்பி. நிலாவை எழுத ஊருக்கு நூறு பேரு இருக்கான்.

படிப்பு இல்லையேன்னு கூசவும் வேணாம். கி.ராஜநாராயணன் இடைசெவல்ல விவசாயம் பார்த்தவர், பள்ளிப்படிப்பை முடிக்காதவர். முதல் கதை வரும்போது முப்பது வயசைத் தாண்டிட்டார். கரிசக்காட்டுச் சொல்லுக்கெல்லாம் அகராதியே தொகுத்தார். பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துல கூப்பிட்டுப் பேராசிரியரா வெச்சாங்க, 1991-ல சாகித்ய அகாதமி குடுத்தாங்க. சோ.தர்மன் ஒரு கண்மாயைச் சுத்தி "சூல்" எழுதி 2019-ல அதே விருது வாங்கினார். நமக்குப் பக்கத்து மாவட்டத்து இமையம் அடுத்த வருசமே வாங்கினார். இவங்கள்ல யாரும் ஊர்ப்பேச்சைத் "திருத்தி" பெரிய ஆள் ஆகல. அதனால உங்க "பட்டறை"யைக் "கிடங்கு" ஆக்க வந்தா விடாதீங்க. அதே நேரம் ஒற்றுப்பிழையைத் திருத்த வந்தா ரோசப்படாதீங்க, அது வேற, இது வேற. டைப் அடிக்கத் தெரியலைன்னா செல்லுல தமிழ்ல பேசினாலே எழுத்தா விழுது. பாதி தப்பா விழும், உக்காந்து திருத்தணும், அவ்வளவுதான்.

முதல்ல பத்திரிகைக்கு அனுப்பிப் பாருங்க. நாலு வந்த பிறகு நல்ல பதிப்பகத்துக்கு எழுதுங்க, அவங்க போடுற புத்தகம் ரெண்டு மூணு படிச்சுப் பார்த்துட்டு எழுதுங்க. பதில் வர ஆறு மாசம்கூட ஆகும், வராமலும் போகும். பெரம்பலூர்லயும் அரியலூர்லயும் புத்தகத் திருவிழா நடக்கும்போது நேர்ல போய் அரங்குல நின்னு பேசலாம், சென்னைக்கு ஓட வேணாம். யாரும் எடுக்கலையா, ஐயர் மாதிரி நோட்டைத் தூக்குங்க. வாங்குறேன்னு அம்பது பேரு முதல்ல சேரட்டும். இப்போ அச்சகத்துல அம்பது பிரதிகூடப் போட்டுத் தர்றாங்க, தீர்ந்தா மறுபடி அம்பது. கடைக்குக் குடுத்தா நூத்துக்கு முப்பது, முப்பத்தஞ்சு, சில நேரம் நாப்பதுகூடக் கழிவு கேப்பாங்க, அதையும் சேர்த்து விலை போடுங்க. கிண்டில்ல நாமளே ஏத்திக்கலாம், அதுக்கும் காசு கிடையாது. அம்பது பேரு சேரலைன்னா? அப்போ இன்னும் கொஞ்சம் எழுதணும் போல, இல்ல நம்ம ஊரு இன்னும் கொஞ்சம் படிக்கணும். கல்யாணத்துக்கு 500 ரூபாய் மொய் எழுதுற நாம 120 ரூபாய் புத்தகத்துக்கு "ஒண்ணு சும்மா குடேன்"னு கேக்குறோம். என் கிட்ட அப்படிச் சும்மா வாங்கிட்டுப் போனவங்க மட்டும் நாப்பது பேரு இருக்கும். எல்லாரும் சொந்தக்காரங்க.

நேத்து ராத்திரி பையன் வந்தான். சத்தம் போட்டதுக்கு நான்தான் முதல்ல பேசினேன். இன்னும் பணம் கட்டலையாம். கட்டச் சொல்லி தினம் ரெண்டு போன் வருதாம், இந்த மாசம் சேர்ந்தா 5,000 தள்ளுபடியாம். அவன் தாத்தா சுரங்கத்துக் கதையைப் பேச வெச்சு செல்லுல பதிவு பண்ணச் சொல்லியிருக்கேன். பெரியவருக்குக் காது மந்தம், காலையிலதான் தெளிவாப் பேசுவார்.

என் புத்தகம் இன்னும் தொண்ணூத்தாறு மச்சுல இருக்கு. பள்ளிக்கூட நூலகத்துக்கு வேணும்னா வாத்தியாருங்க வந்து சும்மாவே எடுத்துக்கலாம். வர்றவங்க ஒரு பை கொண்டாங்க. அட்டையில இருக்குறது நம்ம ஊரு வெங்காயம் இல்லைன்னு பிள்ளைங்க கிட்ட சொல்லிடுங்க.